கேள்விப்பட்டதும் கண்டறிந்ததும்

நம் தமிழில் ‘ஆம்’ என்றொரு சிறு சொல் உண்டு. தனியே நிற்கும்போது அது உடன்பாட்டைக் குறிக்கும். வினைமுற்றின் ஈற்றில் ஒட்டிக்கொண்டு நிற்கும்போதோ அதன் தொழிலே வேறாகிவிடுகிறது. ‘மழை பெய்தது’ என்று ஒருவர் சொன்னால், அவர் அந்த மழையைக் கண்டவர், அல்லது தம் சொல்லுக்குத் தாமே பொறுப்பேற்பவர் என்று கொள்கிறோம். ‘மழை பெய்ததாம்’ என்று சொன்னால், பிறர் சொல்லக் கேட்டதை அவர் எடுத்துச் சொல்கிறார். மெய்யோ பொய்யோ, பொறுப்பு அவருடையதன்று என்று உணர்கிறோம். எழுத்தறியாத பாட்டியும் ஐந்து வயதுக் குழந்தையும் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவதில்லை. கண்டது எது, கேட்டது எது என்று பிரித்துக் காட்டும் கருவியை நம் மொழி நம் நாவிலேயே வைத்திருக்கிறது.

அரசாங்க அலுவலகங்களில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்யும் நாங்கள் இச்சிறு சொல்லின் அருமையை அடிக்கடி உணர்கிறோம். இந்தியில் ‘பதாயா ஜாதா ஹை’ என்று வரும் தொடரைத் தமிழில் ‘என்று கூறப்படுகிறது’ என எழுதுகிறோம். அவசரத்தில் அத்தொடரை விட்டுவிட்டால் வாக்கியம் முன்னினும் விறுவிறுப்பாக அமையும். இலக்கணப் பிழையும் இராது. ஆனால், ஒருவர் கேள்விப்பட்டதாகச் சொன்னது, நடந்தேறிய உண்மையாக மாறிவிடும்.

கைப்பேசி வழியாக இன்று நம்மை வந்தடையும் செய்திகள் பல, இந்த ‘ஆம்’ உதிர்ந்துபோன செய்திகளே. ‘இன்ன இலையின் சாற்றைக் குடித்தால் நீரிழிவு நீங்குமாம்’ என்று முதலில் யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். பத்தாவது கைக்கு வரும்போது அது ‘நீங்கும்’ என்றாகிறது. இருபதாவது கைக்கு வரும்போது ‘நீங்கியது, சென்னை மருத்துவர் மெய்ப்பித்தார்’ என்று முடிகிறது. உதிர்ந்த சொல்லை மீண்டும் எடுத்து ஒட்டவும், தக்க விசாரணை செய்த பின்னரே அதை நீக்கவும் மாணாக்கர்க்குக் கற்பிக்க இயலுமா? இயலும் என்பதற்கு நம் நாட்டிலேயே, பீகார் மாநிலத்திலேயே, அண்மையில் நல்ல சான்று கிடைத்திருக்கிறது. அதைப் பற்றியும், ஊர்விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு அக்கல்வி ஏன் இன்றியமையாதது என்பது பற்றியும் இங்கே ஆராய்வோம்.

வீட்டிலிருக்கும் சிறு மொழிபெயர்ப்பாளர்கள்

தில்லியிலோ மும்பையிலோ அகமதாபாத்திலோ கல்கத்தாவிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். தந்தைக்கும் தாய்க்கும் அவ்வூர் மொழி கடைத்தெரு அளவில் பழக்கம். ஊரிலிருந்து வந்து தங்கும் தாத்தா பாட்டிக்கோ தமிழ் ஒன்றே மொழி. உள்ளூர்ச் செய்தித்தாளை எழுத்துக் கூட்டிப் படிக்க அவர்களால் இயலாது. உள்ளூர்ச் செய்தி அண்டை வீட்டார் வாயிலாக அரைகுறையாக வருகிறது. சொந்த ஊர்ச் செய்தி உறவினர் அனுப்பும் வாட்ஸ்அப் வழியாக வருகிறது. இரண்டும் பிறர் கைப்பட்டு வருபவையே. நேரில் விசாரித்தறியும் வசதி, பிறந்த ஊரில் இருப்பவர்க்கு வாய்ப்பதைப் போல நமக்கு வாய்ப்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்புபவர்கள் நம் பிள்ளைகளே. மருத்துவமனை அறிவிப்புப் பலகையைப் படித்துச் சொல்வதும், டாக்டர் இந்தியில் சொல்வதைப் பாட்டிக்குத் தமிழில் எடுத்துரைப்பதும், மின்கட்டணச் சீட்டின் பொருள் விளக்குவதும் எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் படிக்கும் சிறுவர் சிறுமியர் செய்யும் தொண்டாக இருக்கிறது. சம்பளமின்றி வேலை பார்க்கும் சிறு மொழிபெயர்ப்பாளர்கள் அவர்கள்.

எங்கள் குடியிருப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பேரனுடன் சில மாதம் தங்கியிருக்கலாமென்று தஞ்சைப் பக்கத்திலிருந்து ஒரு மூதாட்டி வந்திருந்தார். பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொண்டு வருபவர். அவருடைய கைப்பேசிக்குத் தமிழில் ஒரு செய்தி வந்தது. ஒரு கீரையின் சாற்றை ஒரு மண்டலம் பருகினால் நீரிழிவு வேரோடு போய்விடும், மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது அதன் சாரம். மூதாட்டிக்குக் கண் மங்கல். பேரன் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தான். பாட்டிக்குத் தமிழ் படித்துக் காட்டுவதில் அவனுக்குப் பெருமை. கேட்பதில் அவருக்கும் பெருமை. முழுச் செய்தியையும் திக்காமல் படித்துக் காட்டினான்.

மூன்று வாரம் கழித்து மூதாட்டி மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் டாக்டர் இந்தியில் வினவிய வினாக்களைப் பேரனே பாட்டிக்குத் தமிழில் சொன்னான். மாத்திரையை எப்போதிலிருந்து நிறுத்தினார்கள் என்ற வினா வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ‘நான்தான் படித்துக் காட்டினேன்’ என்று பையன் விம்மி அழுதான். ‘குழந்தை என்ன செய்வான்? எழுதியிருந்ததைத்தானே படித்தான்’ என்று மூதாட்டி அவனைத் தேற்றினார். நல்வாய்ப்பாக அவர் பிழைத்துக்கொண்டார்.

மூதாட்டி சொன்னது முற்றிலும் மெய். எழுதியிருந்ததைத்தான் அவன் படித்தான். எழுத்தைப் படிக்க அவனுக்குக் கற்றுக் கொடுத்த நாம், படித்ததை நிறுத்துப் பார்க்கக் கற்றுக் கொடுக்கவில்லை. குறை நம்முடையதேயாகும்.

வதந்தியால் கலங்கும் வெளியூரார்

உடல்நலச் செய்தி ஒரு வீட்டைத் தாக்குகிறது. பொய்யான ஊர்ச் செய்தியோ ஒரு சமூகத்தையே அலைக்கழிக்கிறது. அவ்வாறு அலைக்கழிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்து வாழ்பவர்களே என்பதை அண்மைக்கால வரலாறு காட்டுகிறது.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தாங்கள் தாக்கப்படப் போவதாகப் பரவிய வதந்தியை நம்பி, பெங்களூரில் வாழ்ந்த வடகிழக்கு மாநிலத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இரயிலேறினர். குவாஹாட்டிக்குத் தனி இரயில்கள் விட வேண்டியதாயிற்று. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதை மத்திய அரசாங்கம் 15 நாட்களுக்குத் தடுத்தது. தொடக்கத்தில் ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து செய்திக்கு மேல் அனுப்ப இயலாதென வரம்பு கட்டியது.

2018ஆம் ஆண்டில், பிள்ளை பிடிப்போர் சுற்றுகின்றனர் என்ற வதந்தி பல மாநிலங்களில் உயிர்களைக் குடித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த சென்னைக் குடும்பத்தினரை ஊரார் தாக்கியதில் ஒரு மூதாட்டி மாண்டார். ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டத்தில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர். இதன் பின்னர் அம்மாதத்திலேயே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு விதித்தது.

2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் நிகழ்ந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்பட்டுக் கொல்லப்படுகின்றனர் என்று சில காட்சிகள் பரவின. அவை வேறெங்கோ, வேறு காரணத்தால் நிகழ்ந்த வன்செயல்களின் காட்சிகள். தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் அச்செய்தியை மறுத்தார். பீகார் அரசாங்கம் அதிகாரிகள் குழுவொன்றைத் தமிழ்நாட்டிற்கு அனுப்பி விசாரித்தது. பொய்யைப் பரப்பியோர்மீது வழக்குகள் தொடரப்பட்டன. அதற்குள் அஞ்சி ஊர் திரும்பிய தொழிலாளர் பலர். அந்நாட்களில் வடமாநிலங்களில் வாழ்ந்த தமிழர்களைப் பார்த்து அக்கம்பக்கத்தார், ‘உங்கள் ஊரில் இப்படிச் செய்கிறார்களாமே?’ என்று கேட்டதுண்டு. கேட்டவரும் வதந்தியின் வலையில் அகப்பட்டவர்; பதில் சொல்ல வேண்டியவரோ நேரில் ஒன்றும் அறியாதவர். வெளியூர் வாழ்வின் இடர்ப்பாடு இதுவே.

பீகாரில் கண்ட பயன்

இந்நோய்க்கு மருந்தென்ன என்று ஆராய்ந்தவர்களும் அதே பீகாரைத் தேர்ந்தெடுத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. 2019ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது சுமித்ரா பத்ரிநாதன் என்னும் ஆராய்ச்சியாளர் அங்கே ஒரு சோதனை நடத்தினார். ஏறத்தாழ 1,200 பேர் அதில் பங்குகொண்டனர். ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சென்று, பொய்ச் செய்தியை இனங்காணும் வழிகளை ஒரு மணி நேரம் கற்பித்தனர். பின்னர்ப் பரிசோதித்தபோது, பொதுவாக நோக்கின், கற்றவருக்கும் கல்லாதவருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வளர்ந்தவர்களின் பழக்கத்தை ஒரு மணி நேர அறிவுரை மாற்றிவிடாது என்பது தெளிவாயிற்று.

அத்தோல்வியிலிருந்து பாடங்கற்று, பின்னர் ஒரு பெருமுயற்சி மேற்கொள்ளப்பட்டது. பீகார் அரசாங்கத்தின் ‘ஜீவிகா’ என்னும் ஊரக வாழ்வாதார அமைப்புடன் சேர்ந்து, சுமித்ரா பத்ரிநாதன், சைமன் ஷோஷார் முதலிய ஆராய்ச்சியாளர் அதை நடத்தினர். 32 மாவட்டங்களில் 583 கிராமங்களைச் சேர்ந்த, எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் 13,500க்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் அதில் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு, உடல்நலச் செய்திகளை முதன்மையாகக் கொண்டு, செய்தியை ஆராயும் பாடங்கள் நூலகங்களில் நடந்தன. பதினான்கு வார காலத்தில் இடைவெளிவிட்டு நான்கு வகுப்புகள். இடையே வீட்டுப் பயிற்சிகள். மற்றொரு சாராருக்கு ஆங்கிலப் பாடம். எவர் எந்தச் சாரார் என்பதை ஆராய்ச்சியாளரின் விருப்போ மாணவரின் ஆர்வமோ தீர்மானிக்கவில்லை. குடவோலை போன்ற சீட்டுக் குலுக்கலே தீர்மானித்தது. ஆகவே, பின்னர்த் தோன்றிய வேறுபாடு பாடத்தினால் விளைந்ததே என்று துணிந்து கூற முடிந்தது.

2025இல் வெளியான முடிவுகள் ஊக்கமளிப்பவை. மெய்ச் செய்தியையும் பொய்ச் செய்தியையும் பிரித்தறியும் திறன் கற்ற மாணவரிடம் நன்கு உயர்ந்திருந்தது. நம்பத்தகாத வழிகளில் வரும் செய்திகளை அவர்கள் சார்ந்திருப்பது குறைந்தது. அறிவியல் வழியை நாடுவது கூடியது. நான்கு மாதங்கள் கழித்து மீண்டும் சோதித்தபோதும் பயன் மங்கவில்லை. உடல்நலத்தை முதன்மையாகக் கொண்டு கற்பித்த திறன் அரசியல் செய்திகளையும் எடைபோட உதவியது. இவை யாவற்றினும் மேலாக, வகுப்பறைப் பக்கமே வராத பெற்றோரும் முன்னினும் நன்றாகப் பிரித்தறிந்தனர். பிள்ளைகள் கற்றது வீட்டிற்குள்ளும் சென்றிருக்கிறது.

ஆப்பிரிக்காவின் உகாண்டாவிலும் இத்தகைய அனுபவம் உண்டு. 2016இல் 120 தொடக்கப் பள்ளிகளில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் அச்சோதனையில் பங்கேற்றனர். அவற்றுள் பாதிப் பள்ளிகளில், மருத்துவக் கூற்றுகளை ஆராயும் விதம் படக்கதைப் புத்தகத்தின் துணைகொண்டு ஒன்பது பாடங்களில் கற்பிக்கப்பட்டது. தீக்காயத்தின்மீது மாட்டுச்சாணம் பூசினால் ஆறிவிடுமா என்று ஆராயும் கதை அப்புத்தகத்தில் உண்டு. நம் கிராமங்களுக்கும் அது புதியதன்று. இறுதித் தேர்வில், கற்ற பிள்ளைகளுள் நூற்றுக்கு 69 பேர் தேறினர். கல்லாதவருள் 27 பேரே தேறினர். ஓராண்டு கழிந்த பின்னும் அவ்வேறுபாடு பெருமளவு நிலைத்தது.

நம் கேரளத்திலும், கண்ணூர் மாவட்டத்தில் 2018ஆம் ஆண்டு ஏறத்தாழ 150 அரசாங்கப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனங்காணும் வகுப்புகள் நடந்தன.

என்ன கற்பிக்க வேண்டும்?

எந்தச் செய்தியைக் கண்டாலும் மாணாக்கர் கேட்கப் பழக வேண்டிய வினாக்கள் சிலவே. அவற்றை இனி ஒவ்வொன்றாக விளக்குவோம்.

முதல் வினா: இதைச் சொன்னவர் யார்? ‘சென்னை மருத்துவர்’, ‘அமெரிக்க விஞ்ஞானிகள்’ என்பவை பெயர்களல்ல. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் போர்த்திய திரைகள். யார் சொன்னாலும் சொன்னதன் மெய்ம்மையையே காண வேண்டுமென்றன்றோ வள்ளுவர் சொல்லியிருக்கிறார் என்று நேயர்கள் கேட்கலாம். உண்மையே. பெயரும் பட்டமும் சான்றாகிவிடா. ஆனால் மெய்ம்மையைக் காண நாம் எங்கே போய் விசாரிப்பது? பெயர் அதற்கு வழிகாட்டும் கதவு. பெயரும் ஊரும் நிறுவனமும் இருந்தால் சென்று தட்டலாம். இல்லையேல் தட்டக் கதவே இல்லை. பொறுப்பேற்க ஒருவரும் இல்லாத கூற்றில் ‘ஆம்’ என்பதை நாமே சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டாம் வினா: அவருக்கு இது எப்படித் தெரிந்தது? ‘என் மாமாவுக்குக் குணமாயிற்று’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. சளி பிடித்தால் கஷாயம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பெரும்பாலோருக்கு ஒரு வாரம் பத்து நாளில் தீர்ந்துவிடுகிறது. கஷாயம் குடித்த பின் தீர்ந்ததனால் கஷாயத்தினால் தீர்ந்தது என்று கொள்ளலாமா? ஒத்த நிலையில் உள்ள பலரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மட்டும் மருந்தளித்து, இரண்டையும் ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். உகாண்டாப் பிள்ளைகளின் பாடங்களுக்கு அடிப்படை இந்த நேர்மையான ஒப்பீடே. பீகாரில் மாணவர்களை இரு கூறாகப் பிரித்ததும் இதே முறைப்படிதான். பத்து வயதுப் பிள்ளைக்கு இது விளங்காதென எண்ண வேண்டுவதில்லை. வீட்டில் இரண்டு தொட்டியில் வெந்தயம் விதைத்து, ஒன்றுக்கு மட்டும் உரமிட்டுப் பார்க்கச் சொன்னால் எளிதில் விளங்கிக்கொள்ளும்.

மூன்றாம் வினா: மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 45 பேருக்கு ஒரு சோதனை வைத்தனர். வரலாற்றறிஞர் பதின்மர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் பதின்மர், பல்கலைக்கழக மாணவர் இருபத்தைவர். ஏறத்தாழ ஒரே பெயருடைய இரண்டு குழந்தை மருத்துவச் சங்கங்களின் இணையப் பக்கங்களை அவர்களிடம் காட்டினர். ஒன்று பல்லாயிரம் மருத்துவர்களைக் கொண்ட பழைய சங்கம். மற்றொன்று அதனுடன் கருத்து வேறுபட்டு 2002இல் தோன்றிய சிறு குழு. மாணவரும், அறிஞருள் சிலரும் பக்கத்தின் அழகையும் பெயரையும் மேற்கோள்களையும் மேலிருந்து கீழாகப் படித்துத் தடுமாறினர். சரிபார்க்கும் தொழிலினர் அப்பக்கத்தில் நெடுநேரம் தங்கவேயில்லை. உடனே அதைவிட்டு வெளியே சென்று, அச்சங்கத்தைப் பற்றிப் பிறர் என்ன எழுதியிருக்கின்றனர் என்று தேடி, விரைவில் உண்மையைக் கண்டனர். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டாரிடமே அவருடைய குணத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறோமா? அக்கம்பக்கத்தில் அன்றோ விசாரிக்கிறோம். செய்திக்கும் அம்முறையே தகும். படமாயின் தேடுபொறியில் அப்படத்தையே இட்டு, முன்னர் எப்போது, எங்கே வெளியாயிற்று என்று பார்க்கலாம். படம் மெய்யாகவே இருந்து, அதன் ஊரும் தேதியும் பொய்யாக இருப்பதுண்டு. 2023ஆம் ஆண்டுச் செய்தி அதற்குச் சான்று.

நான்காம் வினா: இதனால் யாருக்கு ஆதாயம்? நோய் தீர்க்கும் செய்தியின் அடியில் ஒரு தொலைபேசி எண்ணும் விலையும் இருந்தால் அது விளம்பரமே. நம் நாட்டில் 1954ஆம் ஆண்டு முதலே இதற்கென ஒரு சட்டம் உண்டு. மருந்துகளையும் மாய நிவாரணங்களையும் பற்றிய ஆட்சேபணைக்குரிய விளம்பரங்களைத் தடுக்கும் அச்சட்டத்தின் அட்டவணையில் 54 நோய்களும் குறைபாடுகளும் குறிக்கப்பட்டுள்ளன. நீரிழிவும் புற்றுநோயும் அவற்றுள் அடங்கும். அவற்றைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வது குற்றம். ஆகவே, ‘நீரிழிவு வேரோடு போகும்’ என்னும் விளம்பரத்தைக் கண்ட மாணவன், அச்சொற்களையே எச்சரிக்கைப் பலகையாகக் கொள்ளலாம்.

ஐந்தாம் வினா நம்மை நோக்கிய வினா: இதைப் படித்ததும் என் மனத்தில் என்ன எழுகிறது? அச்சமா, கோபமா, உடனே பலருக்கு அனுப்ப வேண்டுமென்ற துடிப்பா? பொய்ச் செய்தி இவற்றின்மீது ஏறித்தான் பயணம் செய்கிறது. துடிப்பு எழுந்தால், அனுப்பாமல் ஓர் இரவு வைத்திருப்பது நலம். காலையிலும் அது மெய்யாக இருந்தால் அப்போது அனுப்பினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

எதையும் நம்பாமையும் அறிவாகாது

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். எல்லாச் செய்தியையும் ஐயுறுவதே அறிவு என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கெதிரான தடுப்பூசித் திட்டம் தமிழ்நாடு, கர்நாடகம் முதலிய இடங்களில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஊசி போடுவதாகத் திட்டம். அவ்வூசியைப் பற்றித் தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வழியே வதந்திகள் பரவின; பெற்றோர் பலர் தயங்கினர். சுகாதாரத் துறை மெய்யைச் சொன்னது. யாரோ பொய்யைச் சொன்னார். இரண்டையும் ஒன்றுபோல் ஐயுற்று ஒதுங்கியவர், தாம் எச்சரிக்கையாக இருப்பதாகவே எண்ணினார். விளைவோ, பொய்யை நம்பியவருக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது. குழந்தைக்கு ஊசி போடப்படவில்லை.

தராசின் தொழில் இருபுறமும் நிறுப்பது. விசாரித்த பின் மெய்யென்று தெரிந்ததை ஏற்று நடப்பதும் இக்கல்வியின் பாதியாகும். ஆகையால், பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் செய்திகளில் பொய்களோடு மெய்களும் கலந்திருக்க வேண்டும். பொய்களையே காட்டிக்கொண்டிருந்தால், ‘எல்லாம் பொய்’ என்று எழுதியே மாணவன் முழு மதிப்பெண் பெற்றுவிடுவான்.

பெரியோரிடம் எடுத்துரைக்கும் முறை

கற்ற பிள்ளை வீட்டிற்கு வந்து, ‘பாட்டி, நீங்கள் அனுப்பியது பொய்’ என்று சொன்னால் என்னவாகும்? மரியாதை கெட்டதென்று வீட்டில் சச்சரவு எழும். பாட்டியும் தம் கருத்தில் முன்னினும் உறுதியாக நிற்பார். செய்தியை அனுப்பியவர் தீங்கு கருதி அனுப்பவில்லை. ஊரில் இருக்கும் அத்தையும் சித்தப்பாவும் நம்மீது கொண்ட அன்பினாலேயே அனுப்புகின்றனர். அன்பை மறுக்காமல் செய்தியை மட்டும் விசாரிக்கும் நயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். ‘பாட்டி, இதை எழுதினவர் யாரென்று இரண்டு பேருமாகப் பார்ப்போமா? அதுவரைக்கும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்’ என்று கேட்டால் அது அவமதிப்பாகாது. பாட்டியும் ஆராய்ச்சியில் பங்காளி ஆகிவிடுகிறார். பீகாரில் பெற்றோரும் பயன்பெற்றனரென்றால், இத்தகைய பேச்சு சில வீடுகளிலாவது நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

நாம் செய்யக்கூடியது

இதற்காகப் பள்ளிப் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. தமிழர் வாழும் ஊர்களில் தமிழ்ச் சங்கங்களும் அன்பர்களும் வார இறுதியில் தமிழ் வகுப்பு நடத்துகின்றனர். அவ்வகுப்பில் மாதத்திற்கு ஒருமுறை அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடும் சொற்பொழிவு பயன்படாது என்பதைப் பீகாரின் முதற் சோதனை காட்டிற்று. சிறிது சிறிதாக, இடைவிட்டு, வீட்டுப் பயிற்சியோடு கற்பித்ததே பயனளித்தது.

பயிற்சிக்கு வேண்டிய பொருளும் நம் கையிலேயே இருக்கிறது. அந்த மாதம் வீட்டிற்கு வந்த தமிழ்ச் செய்தி ஒன்றைப் பிள்ளைகள் எழுதி வரட்டும். அதிலுள்ள ஒவ்வொரு வினைமுற்றோடும் ‘ஆம்’ சேர்த்து மீண்டும் எழுதட்டும். ‘நீங்கியது’ என்பது ‘நீங்கியதாம்’ என்றும், ‘மெய்ப்பித்தார்’ என்பது ‘மெய்ப்பித்தாராம்’ என்றும் மாறும்போதே செய்தியின் மிடுக்குத் தளர்ந்துவிடுவதை அவர்கள் தாமே காண்பர். பிறகு ஐந்து வினாக்களையும் கேட்டு விடை தேடட்டும். எந்த வாக்கியத்திற்குத் தக்க சான்று கிடைக்கிறதோ அந்த வாக்கியத்தின் ‘ஆம்’ என்பதை மட்டும் அழிக்கட்டும். சான்று கிடைக்காதவற்றில் அது இருந்தபடியே இருக்கட்டும். இலக்கணமும் கற்றதாகும், விசாரணையும் கற்றதாகும்.

நாம் முன்னர்க் கூறிய பையன் இப்போது இப்பயிற்சியைச் செய்து வருகிறான். பாட்டி ஊருக்குத் திரும்பிவிட்டார். ஊரிலிருந்து இன்னும் செய்திகளை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் இப்போதெல்லாம் அவற்றின் கீழே தம் குரலில் ஒரு வரி பேசிச் சேர்க்கிறார்: ‘இப்படிச் சொல்கிறார்களாம், கண்ணு. பார்த்துச் சொல்.’